லெவி-மோண்டால்சினியின் ஆய்வுப் பாதை: ஹாம்பர்கரின் 1934 சோதனையிலிருந்து அவர் எங்கே விலகினார்?

முதுகலை மாணவி எழுதியது:

வணக்கம். எங்கள் துறைக் கருத்தரங்கில் ரீட்டா லெவி-மோண்டால்சினியின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி முப்பது நிமிடம் பேசவிருக்கிறேன். 1909இல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர், 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1938இல் யூதர்களுக்கு எதிராக வந்த இனச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்தவர், பிறகு தம் படுக்கையறையிலேயே ஆய்வகம் அமைத்து, தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாக்கிக் கோழிக் கருக்களில் சோதனை செய்தவர் என்று எல்லாக் கட்டுரைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்கின்றன. அங்கிருந்து நேராக 1986ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குத் தாவிவிடுகின்றன. இடையில் நடந்த அறிவியல்தான் எனக்குப் பிடிபடவில்லை.

கோழிக் கருவின் சிறகு மொட்டை நீக்கினால், அந்தச் சிறகுக்குச் செல்ல வேண்டிய நரம்பணுக்கள் தண்டுவடத்திலும் அதன் அருகிலுள்ள நரம்புத்திரள்களிலும் (நரம்பணுக்கள் கூடித் திரண்ட முடிச்சுகள்) குறைந்துவிடுகின்றன என்பதைக் கருவியலாளர் விக்டர் ஹாம்பர்கர் 1934இலேயே வெளியிட்டுவிட்டார். லெவி-மோண்டால்சினி செய்ததும் அதே வகைச் சோதனை, அவர் கண்டதும் அதே குறைவு. அப்படியிருக்க, அவர் புதிதாகக் கண்டது என்ன? கருவியலில் தொடங்கிய ஒருவர் பாம்பு நஞ்சுக்கும் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் எப்படி வந்து சேர்ந்தார்? முதல் சோதனையைச் செய்த ஹாம்பர்கர் ஏன் பரிசில் சேர்க்கப்படவில்லை? கேட்பவர்கள் கட்டாயம் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. விரிவாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திசுவியல் ஆசிரியர் எழுதியது:

உங்கள் முதல் கேள்வியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே தொடர்ந்து வரும்.

இருவரும் கண்ட முடிவு ஒன்றே. அதற்கு அவர்கள் தந்த விளக்கங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஹாம்பர்கர் ஃப்ரைபர்கில் ஹான்ஸ் ஸ்பேமனிடம் பயின்றவர். கருவின் ஒரு பகுதி அருகிலுள்ள மற்றொரு பகுதியைத் தூண்டி, அது இன்னதாக உருவாக வேண்டும் என்று தீர்மானிக்கிறது என்பதே அந்த ஆய்வகத்தின் அடிப்படைச் சிந்தனை. அந்தப் பயிற்சியுடன் பார்த்த அவருக்கு, சிறகு இல்லாதபோது நரம்பணுக்கள் குறைவது தூண்டல் கிடைக்காததன் விளைவாகவே தோன்றியது. அதாவது, சிறகு மொட்டிலிருந்து ஏதோ ஒரு செய்தி தண்டுவடத்துக்குத் திரும்பிச் செல்கிறது, அது வராவிட்டால் இன்னும் உருப்பெறாத அணுக்கள் நரம்பணுக்களாக மாறுவதில்லை என்று அவர் கருதினார். நீக்கப்பட்ட தசையின் அளவுக்கு ஏற்ப நரம்பணுக்களின் குறைவும் அமைகிறது என்பதையும் அவர் அளந்து காட்டியிருந்தார். அந்த அளவீடு இன்றும் நிற்கிறது.

லெவி-மோண்டால்சினி அந்தக் கட்டுரையை 1940ஆம் ஆண்டுக் கோடையில், பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு கால்நடைப் பெட்டியில் அமர்ந்து படித்ததாக நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய பயிற்சி முற்றிலும் வேறு. டூரினில் திசுவியல் பேராசிரியர் ஜுசெப்பே லெவியின் மாணவராக இருந்த அவருக்கு முதலில் தந்த வேலை, எலியின் நரம்புத்திரள்களில் உள்ள அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவது. சலிப்பூட்டும் அந்த வேலைதான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் உறுதியான எண்ணம். நரம்பிழைகளை வெள்ளி உப்பால் கறுப்பாகக் காட்டும் சாயமேற்று முறையும் அவருக்குக் கைவந்திருந்தது. சிறகு நீக்கப்பட்ட கருக்களை ஒரே ஒரு கட்டத்தில் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல், அறுவைக்குப் பிந்தைய நாட்களில் அடுத்தடுத்த இடைவெளிகளில் எடுத்து, சீவி, சாயமேற்றி, எண்ணிப் பார்த்தார். தொடக்க நாட்களில் நரம்பணுக்கள் வழக்கம்போலவே தோன்றுகின்றன, உருப்பெறுகின்றன, இழைகளையும் நீட்டுகின்றன. அதன் பிறகே அவை சிதைந்து மடிகின்றன. உருவாகாமல் போனவை என்று கருதப்பட்டவை உண்மையில் உருவாகி, பிறகு இறந்தவை.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இது கேள்வியையே மாற்றிவிடுகிறது. நரம்பணுவை உருவாக்குவது எது என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், உருவான நரம்பணுவை உயிரோடு வைத்திருப்பது எது என்ற கேள்வி வந்து நின்றது. அவருடைய அடுத்த 40 ஆண்டுப் பணியில் பெரும்பகுதி இந்த இரண்டாம் கேள்விக்கே உரியது. இனச் சட்டங்களின் காரணமாக இத்தாலிய ஆய்விதழ்களில் எழுத வழியில்லாததால், பெல்ஜியத்தில் வெளிவந்த ஓர் ஆய்விதழில் 1942இல் ஜுசெப்பே லெவியுடன் இணைந்து முடிவுகளை வெளியிட்டார். லெவியும் யூதர் என்பதால் வேலையிழந்திருந்தார். தம் முன்னாள் மாணவியின் படுக்கையறை ஆய்வகத்தில் அவர் உதவியாளராக வேலை செய்தார் என்பதை உங்கள் உரையில் தவறாமல் சொல்லுங்கள். டூரின்மீது குண்டுவீச்சு கடுமையானபோது ஆய்வகம் நாட்டுப்புறக் குடில் ஒன்றுக்குப் போனது. 1943இல் ஜெர்மானியப் படைகள் நுழைந்தபோது குடும்பம் ஃப்ளாரன்ஸில் தலைமறைவாக வாழ்ந்தது, ஆய்வும் அத்தோடு நின்றது.

போர் முடிந்த பிறகு அந்தக் கட்டுரையைப் படித்த ஹாம்பர்கர், தம் விளக்கத்துக்கு எதிரான முடிவைச் சொன்னவரையே செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். ஓர் அறிவியலாளரின் நேர்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செயலை நான் அதிகம் கண்டதில்லை. 1947இல் ஒரு பருவம் மட்டும் தங்குவதாக வந்தவர் 1977 வரை அங்கே பணியாற்றினார். 1949இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, சிறகு நீக்கப்பட்டால் நரம்பணுக்கள் இறக்கின்றன என்ற விளக்கமே சரி என்று ஹாம்பர்கர் ஏற்றுக்கொண்டது. மற்றொன்றை நான் அதைவிடப் பெரியதாகக் கருதுகிறேன். அறுவையே செய்யப்படாத இயல்பான கருவிலும் கழுத்து, மார்புப் பகுதிகளின் நரம்புத்திரள்களில் நரம்பணுக்கள் பெருமளவில் இறக்கின்றன, சிறகுக்கும் காலுக்கும் நரம்பு அனுப்பும் திரள்களில் அத்தகைய சிதைவு தென்படவில்லை என்பதே அது. சிறகையும் காலையும் போன்ற பெரிய இலக்குகள், அதாவது நரம்பிழைகள் சென்று சேரும் உறுப்புகள், இருக்கும் இடத்தில் பலர் பிழைக்கிறார்கள், இலக்கு சிறிதாக உள்ள இடத்தில் பலர் மடிகிறார்கள் என்று சொல்வதுபோல இருக்கிறது அந்தப் படம். கருவின் இயல்பான வளர்ச்சியிலேயே சாவுக்கு இடம் உண்டு என்ற கருத்துக்கு நரம்பு மண்டலத்தில் உறுதியான அடித்தளம் இங்கேதான் கிடைத்தது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. ஹாம்பர்கரிடம் முன்பு பயின்ற எல்மர் பியூக்கர், சுண்டெலியின் சார்கோமா 180 என்ற கட்டியைக் கோழிக் கருவில் பொருத்தினார். அருகிலுள்ள உணர்ச்சி நரம்புத்திரள்கள் பெரிதாகி, கட்டிக்குள் இழைகளை அனுப்பியதாக 1948இல் எழுதினார். கட்டி என்பது ஒரு பெரிய இலக்கு, அதனால் நரம்புகள் பெருகின என்று அதை எளிதாகப் புரிந்துகொள்ள முடிந்தது. லெவி-மோண்டால்சினி அதே சோதனையை மீண்டும் செய்தபோது, பரிவு நரம்புத்திரள்கள் (நம் விருப்பமின்றித் தாமாக இயங்கும் உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் நரம்புகளின் திரள்கள்) அளவுக்கு மீறிப் பருத்திருந்ததையும், அவற்றின் இழைகள் வழக்கமாகப் போகாத உறுப்புகளுக்குள்ளும் இரத்தக் குழாய்களுக்குள்ளும்கூடப் புகுந்திருந்ததையும் கண்டார். இலக்கின் அளவு மட்டும் காரணமாக இருந்தால் இப்படிக் கண்ட இடமெல்லாம் இழைகள் ஓட வேண்டியதில்லை. கட்டியைக் கருவின் உடலோடு ஒட்டாமல், கருவைச் சூழ்ந்துள்ள சவ்வின்மேல், இரத்த ஓட்டம் மட்டுமே இரண்டையும் இணைக்கும்படி வைத்தபோதும் அதே விளைவு வந்தது. ஆகவே, கட்டியிலிருந்து கரைந்து பரவும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க, கருவை விடவும் விரைவாக விடை சொல்லும் ஒரு சோதனை தேவைப்பட்டது. 1952இல் கட்டியுள்ள இரண்டு சுண்டெலிகளுடன் ரியோ டி ஜெனிரோவுக்குப் பறந்தார். ஜுசெப்பே லெவியின் ஆய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஹெர்த்தா மேயர் அங்கே திசு வளர்ப்பு ஆய்வகத்தை நடத்திவந்தார். கோழிக் கருவின் நரம்புத்திரளைக் கட்டித் துண்டுக்கு அருகில் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது, ஒரே நாளில் திரளைச் சுற்றி ஒளிவட்டம்போல் இழைகள் அடர்ந்து வளர்ந்தன. கருவில் பல நாட்கள் காத்திருந்து பார்க்க வேண்டியதை இனி ஒரே நாளில் பார்க்கலாம். 1953இல் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் குழுவில் சேர்ந்ததும், இந்த ஒளிவட்டமே அவருடைய அளவுகோலாயிற்று.

பாம்பு நஞ்சு வந்த வழி இதுதான். அந்தப் பொருள் நியூக்ளிக் அமிலமா, புரதமா என்று அறிய, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி கலந்த பாம்பு நஞ்சைச் சேர்த்துப் பார்த்தார்கள். விளைவு குறையவில்லை, பல மடங்கு கூடியது. நஞ்சிலேயே அந்தப் பொருள் நிறைந்திருந்தது. நஞ்சுச் சுரப்பி என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்ற எண்ணத்தில் ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார் கோஹன், அங்கே இன்னும் வளமான ஊற்று கிடைத்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று நாம் இன்று சொல்லும் புரதம் அங்கிருந்துதான் தூய்மையாக்கப்பட்டது. அதற்கு எதிரான எதிர்ப்பொருளைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் பரிவு நரம்புத்திரள்கள் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தன. அந்தப் பொருள் இயல்பான உடலுக்கும் இன்றியமையாதது என்பதற்கு அதுவே சான்று. அதுவரை, எங்கோ ஒரு கட்டியும் ஒரு நஞ்சும் செய்யும் விந்தை இது என்று ஒதுக்கிவிட வாய்ப்பிருந்தது.

பழைய ஆய்விதழ் வாசகர் எழுதியது:

மேலே எழுதியவர் அறிவியலைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்றாம் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன்.

1986ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காக என்ற குறிப்புடன் லெவி-மோண்டால்சினிக்கும் கோஹனுக்கும் தரப்பட்டது. நோபல் விதிகளின்படி ஒரு பரிசை மூவர் வரை பகிரலாம், அந்த ஆண்டில் மூன்றாம் இடம் காலியாகவே இருந்தது. அதனால்தான் ஹாம்பர்கர் விடுபட்டது பலருக்கு உறுத்தியது. அடுத்த ஆண்டே நரம்பியல் ஆய்விதழில் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதப்பட்டது. 1983இல் கொலம்பியா பல்கலைக்கழகம் வழங்கும் ஹார்விட்ஸ் பரிசை இம்மூவரும் சேர்ந்தே பெற்றிருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பரிசுக் குழுவின் முடிவைப் புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பரிசின் தலைப்பு வளர்ச்சிக் காரணிகள் என்று வைக்கப்பட்டுவிட்டால், மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த கோஹன் அதன் மையத்துக்கு வந்துவிடுகிறார். உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைச் செலுத்திய சுண்டெலிக் குட்டிகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறப்பதைக் கவனித்து, அது நரம்புக் காரணியால் விளையக்கூடியதல்ல என்று ஊகித்து, அந்த ஊகத்தைப் பின்தொடர்ந்து சென்று அவர் கண்ட புரதம் அது. ஹாம்பர்கரோ, கட்டிகளிலிருந்து காரணியைப் பிரித்தது பற்றி 1954இல் வந்த கட்டுரையில் மூன்றாம் ஆசிரியராக இருந்துவிட்டு, அத்துடன் அந்தப் பணியிலிருந்து விலகிக்கொண்டார். நஞ்சு, சுரப்பி, எதிர்ப்பொருள் ஆகிய மூன்று கட்டங்களிலும் அவர் பெயர் இல்லை. தலைப்பை நரம்பணுவின் பிழைப்பும் இறப்பும் என்று வைத்திருந்தால், அவரை விட்டுவிட்டு யாரும் பரிசு தந்திருக்க முடியாது. எந்தத் தலைப்பு பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவதுதான் பொருத்தமானது.

ஆனால் உங்கள் உரையில் ஹாம்பர்கரைப் பறிகொடுத்தவராக மட்டும் காட்டிவிடாதீர்கள். அது அவருக்கு நியாயம் செய்வதாகாது. 1900இல் பிறந்த அவர், ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் 1932இல் சிகாகோ சென்றிருந்தபோது, நாஜி அரசின் சட்டத்தால் ஃப்ரைபர்க் வேலையை இழந்தவர். அவருக்கும் லெவி-மோண்டால்சினிக்கும் ஏறக்குறைய ஒரே காரணத்தால் வாழ்க்கை திசைமாறியது. கோழிக் கருவின் வளர்ச்சியை 46 கட்டங்களாகப் பிரித்து 1951இல் ஹாமில்டனுடன் அவர் வெளியிட்ட அட்டவணை இல்லாமல் இன்றும் எந்தக் கோழிக் கரு ஆய்வகமும் இயங்குவதில்லை. வயதைக் கொண்டு கருவைக் குறிப்பிட்டால் அடைகாக்கும் வெப்பநிலைக்கேற்ப வளர்ச்சி மாறுபடும் என்பதால், தோற்றத்தைக் கொண்டே கட்டங்களை வரையறுத்தார்கள். 60 வயதுக்குப் பிறகு, கரு ஏன் அசைகிறது என்ற கேள்விக்குப் போனார். புலன் வழிச் செய்தி எதுவும் வருவதற்கு முன்பே கோழிக் கரு தானாக அசைகிறது, அந்த அசைவு தண்டுவடத்திலிருந்தே எழுகிறது என்பதைக் காட்டினார். பின்னர், 1976இல் மார்கரெட் ஹாலிடேயுடன் செய்த சோதனையில், கருவில் கூடுதலாக ஒரு கால் மொட்டைப் பொருத்தினால், இயல்பாக இறக்கவேண்டிய இயக்க நரம்பணுக்களில் (தசைகளை அசைக்கும் நரம்பணுக்கள்) ஒரு பகுதி பிழைத்துக்கொள்கிறது என்று காட்டினார். 1934இல் இலக்கை நீக்கிய கை, 42 ஆண்டுகள் கழித்து இலக்கைக் கூட்டிப் பார்த்திருக்கிறது. 2001இல் தம் 100ஆம் வயதில் அவர் மறைந்தார்.

முதுகலை மாணவி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. உருவாகவில்லை, இறந்துவிட்டது என்ற இந்த வேறுபாட்டை நான் முற்றிலும் தவறவிட்டிருந்தேன். உரையை இதைச் சுற்றியே அமைக்கப்போகிறேன். இன்னும் ஓர் ஐயம். இலக்கிலிருந்து வரும் காரணியே நரம்பணுவைக் காக்கிறது என்றால், சிறகை நீக்கியபோது இறந்த இயக்க நரம்பணுக்களையும் இதே நரம்பு வளர்ச்சிக் காரணிதான் காக்கிறது என்று சொல்லலாமா? பாடநூலில் அப்படித்தான் தொனிக்கிறது.

நரம்பணு வளர்ப்பவர் எழுதியது:

கூடாது. நல்ல வேளையாக மேடையேறுவதற்கு முன்பே கேட்டீர்கள். நான் பல ஆண்டுகளாகக் கோழிக் கருவின் நரம்பணுக்களைத் தட்டில் வளர்த்துவருகிறேன். இந்தத் தவறான புரிதல் புதிதாக வரும் மாணவர்களிடம் மீண்டும் மீண்டும் தென்படுகிறது.

நரம்பு வளர்ச்சிக் காரணி காப்பது பரிவு நரம்பணுக்களையும், வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்பணுக்கள் அடங்கிய ஒரு பிரிவு உணர்ச்சி நரம்பணுக்களையும்தான். தண்டுவடத்து இயக்க நரம்பணுக்களின் தட்டில் அதைச் சேர்த்தால் அவை பிழைப்பதில்லை. அதாவது, ஹாம்பர்கர் தொடங்கிய கேள்வியில் பாதி இயக்க நரம்பணுக்களைப் பற்றியது, கிடைத்த முதல் விடையோ அவற்றுக்குப் பொருந்தாதது. லெவி-மோண்டால்சினி கட்டிகளை வைத்துச் சோதித்தபோதும் இயக்க நரம்பணுக்கள் பெருகவில்லை, அதை அவர்களும் பதிவுசெய்திருந்தார்கள். கண்டது ஒரு குடும்பத்தின் முதல் உறுப்பினரை மட்டுமே என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. 1982இல் யீவ்-ஆலன் பார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பன்றி மூளையிலிருந்து இரண்டாவது காரணியைத் தூய்மையாக்கினார்கள். இயக்க நரம்பணுக்களை வலுவாகக் காக்கும் கிளியா வழிக் காரணி (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளியா அணுக்களிலிருந்து கிடைத்தது, GDNF) 1993இல்தான் கண்டறியப்பட்டது. அது முற்றிலும் வேறொரு புரதக் குடும்பம்.

உங்கள் உரைக்கு மனித உடலிலிருந்து ஒரு சான்று வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி பற்றிக்கொள்ளும் ட்ரக்-ஏ (TrkA) என்ற ஏற்பியின் மரபணுவில் இரு படிகளும் பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகள் வலியை உணர்வதில்லை, அவர்களுக்கு வியர்ப்பதும் இல்லை. இது 1996இல் தெரியவந்தது. வலி நரம்பணுக்களும், வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் பரிவு நரம்பணுக்களும் கருவிலேயே மடிந்துபோவதுதான் காரணம். கை கால் அசைவில் முடக்கம் இல்லை, ஏனென்றால் இயக்க நரம்பணுக்களுக்கு அந்த ஏற்பி தேவையில்லை. அந்தக் குழந்தைகள் தம்மை அறியாமலே நாக்கைக் கடித்துக்கொள்வதையும் எலும்பு முறிந்த காலோடு நடப்பதையும் பற்றிப் படித்த பிறகு, வலி நரம்பணு பிழைத்திருப்பது எத்தனை பெரிய பாதுகாப்பு என்று எனக்கு உறைத்தது. தட்டில் காணும் ஒளிவட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

இக்காரணி இன்று மருந்தாகவும் வந்திருக்கிறது. விழிவெண்படல நரம்பு பழுதுபட்டுப் புண் ஆறாமல் போகும் நோய்க்கு, மரபணுப் பொறியியல் வழியில் தயாரித்த மனித நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சொட்டு மருந்தாகப் பயன்படுத்த 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. எதிர்த் திசையில், மூட்டு வலிக்காக அதைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்கிப் பார்த்தார்கள். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டே விரைவாகச் சிதைந்ததால் அந்த முயற்சி தடைப்பட்டது.

திசுவியல் ஆசிரியர் எழுதியது:

மேலே நண்பர் செய்த திருத்தம் சரியானது, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஹாம்பர்கரின் 1934 விளக்கம் தவறானது என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். செய்தி இலக்கிலிருந்து நரம்பணுவை நோக்கித் திரும்பிச் செல்கிறது, அதுவும் நரம்பிழை வழியாகச் செல்கிறது என்று அவர் அப்போதே ஊகித்திருந்தார். 1974இல், கதிரியக்கம் ஏற்றிய நரம்பு வளர்ச்சிக் காரணியை விலங்கின் கண்ணுக்குள் செலுத்தியபோது, அது இழை வழியாகப் பின்னோக்கி நகர்ந்து கழுத்திலுள்ள பரிவு நரம்புத்திரளின் அணுவுடல்களில் போய்ச் சேர்ந்தது. செய்தி போகும் வழியை அவர் சரியாகவே கண்டிருந்தார், அந்தச் செய்தி என்ன சொல்கிறது என்பதை மட்டும்தான் லெவி-மோண்டால்சினி திருத்தினார்.

உங்கள் உரையின் முதல் படமாக நோபல் மேடையை வைக்காமல், அறுவைக்குப் பிந்தைய நாட்களைக் கிடைமட்டத்திலும் நரம்பணுக்களின் எண்ணிக்கையைச் செங்குத்திலும் குறித்த ஒரு கோட்டுப் படத்தை வையுங்கள். முதலில் ஏறி, பிறகு சரியும் கோடு ஒன்று, தொடக்கத்திலிருந்தே ஏறாத கோடு ஒன்று. இறுதி நாளில் இரண்டும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். இறுதி நாளை மட்டும் பார்ப்பவருக்கு எந்தக் கோடு உண்மை என்று தெரிய வழியில்லை என்பதை, நீங்கள் வாய்திறக்கும் முன்பே அந்தப் படம் சொல்லிவிடும்.